நாட்டார் கதைப் படங்களை எப்படி எடைபோடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாட்டார் கதைகளைத் தழுவிய அனிமேஷன் படம் ஒன்று வெளியானால் பத்திரிகைகளில் அதற்கு நாலு பத்தி விமர்சனம் வருகிறது. வண்ணம் அருமை, பாட்டு இனிமை, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று முடிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த கதையைப் பார்க்கக் குழந்தையும் பாட்டியும் ஒரே ஆவலோடு உட்காருகிறார்களே, அது எதனால் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால்தான் நல்ல படத்தையும் வெறும் பளபளப்பையும் பிரித்துச் சொல்ல முடியும். எங்கள் கருத்து இதுதான்: இந்தப் படங்களின் ஈர்ப்பு வாய்மொழிக் கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. அந்தக் கட்டுமானத்தை நம்பி எடுத்த படம் நிற்கிறது. அதை நம்பாமல் மேலே மேலே அடுக்கிய படம், எத்தனை செலவு செய்திருந்தாலும், பாதியில் தொய்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஆக்சல் ஓல்ரிக், வாய்மொழிக் கதைகளுக்குப் பொதுவாக உள்ள விதிகளை 1909இல் தொகுத்து எழுதினார். ஒரு காட்சியில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் செயல்படுவார்கள். முக்கியமான நிகழ்ச்சி மூன்று முறை நடக்கும். மூன்று பேரில் கடைசியாக வருபவர் பக்கமே நம் மனம் சாயும். கதை ஒரே இழையில் ஓடும். நடந்ததைச் சொல்லப் பின்னால் போகாது. கேட்பவர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது என்பதால் காதுக்கும் நினைவுக்கும் ஏற்றபடி கதை தன்னைச் செதுக்கிக்கொண்ட வடிவம் இது. அனிமேஷனுக்கும் இதே சிக்கனம் வேறு காரணத்தால் தேவைப்படுகிறது. திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது அசையாத தனிச் சட்டகங்கள், ஓடுகின்றன. கையால் வரையும் படத்தில் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். 80 நிமிடப் படம் என்றால் 1,15,200 ஃபிரேம்கள். அதாவது, திரையை விட்டு அகலாத ஒரே ஒரு பாத்திரத்துக்கே 57,600 ஓவியங்கள். காட்சிக்குள் மூன்றாவது ஆள் நுழைந்தால் அவரும் மூச்சு விட வேண்டும், கண் சிமிட்ட வேண்டும். அதையும் ஒருவர் வரைய வேண்டும். நேரில் நடிப்பவர்களை வைத்து எடுக்கும் படத்தில் பத்துப் பேரைக் கூட நிறுத்துவது எளிது. இங்கே அது மாதக்கணக்கான வேலை. காட்சிக்கு இருவர் என்ற கதைசொல்லியின் விதி வரைபவருக்கும் கைகொடுப்பது இப்படித்தான்.

இரண்டாவது பொருத்தம் பாத்திரங்களில் இருக்கிறது. நாட்டார் கதையில் இளவரசிக்கு உளவியல் கிடையாது. அவள் அழகி, அல்லது பிடிவாதக்காரி, அவ்வளவுதான். ஸ்விட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூதி இதைக் கதையின் தட்டைத்தன்மை என்றார். குறையாகச் சொல்லவில்லை, பாணியாகச் சொன்னார். இந்தக் கதைகளில் நிறங்கள்கூடக் கலப்பில்லாதவை: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பொன். அனிமேஷனில் பாத்திரம் வடிவமைப்பவர்கள் செய்யும் முதல் சோதனையும் இதற்கு நெருக்கமானது. உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பார்ப்பார்கள். வெளிக்கோட்டை மட்டும் பார்த்தே யார் என்று தெரியாவிட்டால் அந்த வடிவம் தேறாது. கூனல் முதுகு, கூர்மூக்கு, பருத்த வயிறு என்று கதைசொல்லி ஒரே சொல்லில் நிறுத்தும் ஆள் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடுவார். இந்த உறவைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டவர் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர். அரேபிய இரவுகளின் கதைகளிலிருந்து 1926இல் அவர் எடுத்த முழுநீளப் படத்தில் முகமே தெரியாது. கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் வெட்டிய உருவங்களைக் கம்பியால் மூட்டு மூட்டாக இணைத்து, அடியிலிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசையில் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிறிது நகர்த்திப் படம் பிடித்தார். மூன்று ஆண்டு உழைப்பு. இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். நிழலுருவத்தை வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவில் ஒரு பெருங்கதையைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் கதையின் ஆட்கள் ஏற்கெனவே வெளிக்கோடுகளாக இருந்ததுதான்.

சிக்கல் தொடங்குவது நீளத்தில். வாயால் சொன்னால் பெரும்பாலான கதைகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். திரையரங்குப் படம் 75 முதல் 100 நிமிடம் வரை ஓட வேண்டும். மீதி 65 நிமிடத்துக்கு மேல் எதைக் கொண்டு நிரப்புவது? ஒரு படத்தின் தலையெழுத்து இந்த ஒரு கேள்வியில் தீர்மானமாகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சுலபமான வழி, கதாநாயகனுக்குப் பேசும் விலங்கு ஒன்றைத் தோழனாகச் சேர்ப்பது. அது தவறல்ல, உதவி செய்யும் விலங்கு நாட்டார் கதைக்குச் சொந்தமானதுதான். ரஷ்யாவின் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட ஆய்வில் மாயக் கதைகளின் நிகழ்ச்சிகளை 31 செயல்களாகவும் ஆட்களை ஏழு வகையாகவும் பிரித்தார். அவற்றில் மாயப் பொருள் தருபவர் ஒருவர், உதவியாளர் ஒருவர். கதையில் வரும் விலங்கு இந்த இரண்டில் ஏதோ ஒரு வேலையைச் செய்யும். எறும்புக்கு இரங்கியவனுக்கு எறும்பு பின்னால் தானியம் பொறுக்கித் தரும். படத்தில் சேர்க்கும் தோழனுக்கோ பல சமயம் வேலையே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேடிக்கையாக ஏதாவது சொல்வதோடு சரி. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: அந்த விலங்கைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு முடிவு மாறுகிறதா என்று யோசிக்க வேண்டும். மாறவில்லை என்றால் அது நேரத்தை நிரப்ப வந்தது. அது பேசும் இடங்களில் குழந்தைகள் சிரிக்கலாம். ஆனால் அடுத்து வரும் பயமோ துயரமோ ஊன்றாமல் போய்விடும்.

இன்னொரு வழி, கெட்டவருக்குக் காரணம் கற்பிப்பது. சூனியக்காரி ஏன் கெட்டவளானாள் என்று விளக்க இருபது நிமிட முன்கதை வைப்பார்கள். ஓல்ரிக் சொன்ன ஒற்றை இழை இங்கே அறுந்துபோகிறது. எச்சரிக்கையாகச் செய்தால் இதுவும் கைகூடும். பிரான்சின் மிஷேல் ஒசெலோ மேற்கு ஆப்பிரிக்கக் கதையொன்றிலிருந்து எடுத்த ‘கிரிக்கு’ (1998) நல்ல சான்று. சூனியக்காரி ஏன் கெட்டவளாக இருக்கிறாள் என்று பொடியன் கிரிக்கு பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முதுகில் தைத்த முள் என்று தாத்தா ஒருவர் பதில் சொல்கிறார். அதைப் பிடுங்குவதே அவன் வேலையாகிறது. காரணம் ஒரு பொருளாக, கையால் தொடக்கூடியதாக, கதையை முன்னால் தள்ளுவதாக இருக்கிறது. முன்கதைக்காகக் கதை நிற்கவில்லை. படமும் 75 நிமிடத்தைத் தாண்டவில்லை.

மூன்று முறை என்ற விதியைச் சுருக்குவதும் வழக்கம். கிரிம் சகோதரர்கள் தொகுத்த பனிவெண்மை (ஸ்னோ ஒயிட்) கதையில் அரசி மூன்று தடவை வேடமிட்டு வருகிறாள்: முதலில் இடைக்கச்சு, அடுத்துச் சீப்பு, பிறகு ஆப்பிள். டிஸ்னியின் 1937ஆம் ஆண்டுப் படத்தில் ஆப்பிள் மட்டுமே மிஞ்சியது. மிச்சமான நேரம் குள்ளர்களுக்குப் போனது. கிரிம் கதையில் அந்த ஏழு பேருக்கும் பெயரில்லை. ஏழு பேரும் ஒரே ஆள்போல நடந்துகொள்கிறார்கள். படத்தில் ஒவ்வொருவரின் குணமே பெயரானது. தூங்குமூஞ்சி எது, சிடுமூஞ்சி எது என்று பார்ப்பவர் உடனே பிரித்தறிந்தார். ஏழு பேர் கூட்டத்தைத் திரையில் சமாளிக்க அது கெட்டிக்கார உத்திதான். கதை எதையும் இழக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். பனிவெண்மை மூன்று தடவை ஏமாந்தாள் என்பதில் இருக்கும் பதைபதைப்பு, ஒரே தடவை ஏமாந்தவளிடம் வராது. முதல் முறை கேட்பவர் வியப்பார், இரண்டாம் முறை ‘திறக்காதே’ என்பார், மூன்றாம் முறை பார்க்க முடியாமல் பார்ப்பார். படத்தில் மூன்றையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மூன்றும் சம நீளத்தில் இருக்கக் கூடாது. முதல் முறை முழுமையாக, இரண்டாம் முறை பாதியாகச் சுருக்கி, மூன்றாம் முறை மறுபடி நிறுத்தி நிதானமாக. சம அளவில் வைத்தால் இரண்டாம் சுற்றிலேயே அரங்கில் குழந்தைகள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முடிவை மாற்றுவதைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. பிரிவில் முடியும் கதைகள் ஏராளம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து கடற்கரைகளில் வழங்கும் கடல்நாய்ப் பெண் கதையில், அவள் தோலை ஒளித்துவைத்து ஒருவன் அவளை மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கின்றன, ஒருநாள் தோல் கிடைத்ததும் அவள் கடலுக்குத் திரும்பிவிடுகிறாள். ஜப்பானின் மூங்கில் வெட்டுபவர் கதையில் மூங்கிலுக்குள் கிடைத்த பெண் வளர்ந்து நிலவுக்குப் போய்விடுகிறாள். இந்தக் கதைகள் முதல் வரியிலிருந்தே அந்தப் பிரிவை நோக்கிக் கட்டியவை. ஒளித்துவைத்த தோல் ஒருநாள் கிடைத்தே தீரும். கடைசியில் ‘போகவில்லை, எல்லோரும் சேர்ந்து வாழ்ந்தார்கள்’ என்று திருப்பினால் தோல் எதற்கு வந்தது என்பதே புரியாமல் போகும். முதல் கதையைத் தழுவி இயக்குநர் டாம் மூர் எடுத்த ‘சாங் ஆஃப் தி சீ’யும் (2014), இரண்டாவதைத் தழுவி இயக்குநர் இசாவோ தகஹதா எடுத்த ககுயா இளவரசி படமும் (2013) பிரிவைப் பிரிவாகவே வைத்தன. அழுத குழந்தைகள் இருக்கலாம். ஆனால் துயரத்தைப் பாதுகாப்பான இடத்திலிருந்து தொட்டுப் பார்க்க இந்தக் கதைகள் காலங்காலமாகப் பயன்பட்டிருக்கின்றன. அதைக் குழந்தைகளிடமிருந்து பறிப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மையல்ல.

கோட்டையும் வண்ணத்தையும் பற்றி விமர்சகர்கள் எழுதும்போது ‘அழகு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அது கதைக்கு என்ன செய்கிறது என்று பார்த்தால் வாசகருக்குப் பயன். ககுயா படத்தில் நீர்வண்ணப் பின்னணி பல காட்சிகளில் ஓரம்வரை போகாமல் வெறும் வெள்ளையில் கரைந்துவிடும். கதைசொல்லி எல்லாவற்றையும் வர்ணிக்காமல் நம்மிடம் விட்டுவைப்பதற்கு இணையான இடம் அது. இளவரசி மனம் கொதித்து ஓடும் காட்சியில் கோடுகள் கரியால் கிழித்தவைபோல முரடாகின்றன. ஒரு வசனமும் தேவைப்படவில்லை. ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ (2020) படத்தில் மதில் சூழ்ந்த ஊர் மரக்கட்டை அச்சுப்போலக் கெட்டியான கோடுகளிலும் சதுரங்களிலும் இருக்கும். காட்டுக்குள் போனதும் கோடு தளர்ந்து, முதலில் போட்ட பென்சில் வரைவுகள்கூட அழிக்கப்படாமல் தெரியும். ஊர் என்றால் கட்டு, காடு என்றால் விடுதலை என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல்லாமல் புரிகிறது. இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு மயிரிழையையும் ஒவ்வொரு இலையையும் தத்ரூபமாகக் காட்டும் கணினிப் படத்தில் பூதம் வந்தால், அது பூதமாக இல்லாமல் விசித்திர விலங்காகிவிடும் ஆபத்து உண்டு. தத்ரூபம் கூடக்கூட ‘இது எப்படிப் பறக்கிறது’ என்ற கேள்வியும் கூடும். கதையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

பயத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தெளிவான தகவல் தேவை. வாயால் கதை சொல்பவர் கேட்பவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணிப்பார். படத்தால் அது முடியாது. மூன்றிலிருந்து ஏழு வயதுவரை உள்ள குழந்தைகளைப் பெரும்பாலும் உருவம்தான் பயமுறுத்தும். நல்ல முகம் கண்ணெதிரே கோரமாக மாறும் காட்சி அவர்களுக்கு மிகக் கடினம். எட்டு வயதுக்கு மேல், நிஜத்தில் நடக்கக்கூடியது பயமுறுத்தும்: தாய் காணாமல் போவது, வீடு எரிவது. சின்னவர்களிடம் ‘இது பொய்தான்’ என்று சொல்வதால் பெரிய பலன் இருக்காது. மடியில் இருத்திக்கொள்வது, அறை விளக்கை அணைக்காமல் இருப்பது, ஒலியைக் குறைப்பது பலன் தரும். திடுக்கிடல் பெரும்பாலும் ஒலியால் வருகிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு விளக்கம் சொன்னால் போதும். வீட்டில் பார்ப்பவர்கள் படத்துக்கு முன் மூலக் கதையை ஐந்து நிமிடத்தில் முடிவோடு சொல்லிவிடலாம். சுவை கெட்டுவிடாது, முடிவு தெரிந்து கேட்பதுதான் நாட்டார் கதையின் இயல்பு. படத்தில் எது புதிதாகச் சேர்ந்தது என்று குழந்தையே கண்டுபிடிக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் 80 நிமிடம் அதிகம். 25, 30 நிமிடத்துக்கு ஒருமுறை, கதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் திருப்பத்தில் நிறுத்துவது நல்லது. ஆபத்தின் நடுவில் நிறுத்தினால் அன்றிரவு தூக்கம் கெடும்.

டப்பிங்கைப் பற்றி விமர்சனங்கள் மௌனமாகவே இருக்கின்றன. தமிழில் பார்க்கும் குழந்தைக்கோ அதுதான் படம். நாட்டார் கதைப் படத்தில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று இருக்கும்: சாபமோ, விடுகதையோ, கதவைத் தட்டும்போது சொல்லும் பாட்டோ. வசனத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு ஆட்கள் எழுதும்போது அந்த வரி மூன்று இடத்தில் மூன்று விதமாக வந்துவிடுகிறது. குழந்தை கூடச் சேர்ந்து சொல்ல முடியாமல் போகிறது. வேலை தொடங்கும் முன்பே அப்படிப்பட்ட வரிகளை எல்லாம் தனியே எழுதி, ஒரே வடிவத்தை முடிவுசெய்து எல்லோருக்கும் கொடுப்பது ஒருநாள் வேலைதான்.

தமிழில் வினை கடைசியில் வருவதும் ஒரு சங்கடம். திரையில் பாத்திரம் முதல் அசைவிலேயே தலையை ஆட்டி மறுக்கும். வசனத்திலோ மறுப்பு வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். ‘வேண்டாம், கதவைத் திறக்காதே’ என்று மறுப்பை முன்னால் தனியாக எடுத்துவைத்தால் பொருந்திவிடும். உதடு மூடும் இடத்தில் ப, ம ஒலிகள் விழ வேண்டும் என்பது முகம் பெரிதாகத் தெரியும் காட்சிகளுக்கு மட்டும் அவசியம். தூரக் காட்சியில் அதற்காக வாக்கியத்தை முறிக்க வேண்டியதில்லை. பாட்டில் நீட்டி நிற்கும் சுரத்தில் நெடில் உயிர் வர வேண்டும். குறிலில் நிறுத்திப் பாடவைத்தால் சொல் சிதையும். பாட்டை மூலமொழியிலேயே விட்டுவிடுவது அதைவிட மோசம், ஏனெனில் இவ்வகைப் படங்களில் கதையின் முக்கியமான முடிச்சு பல சமயம் பாட்டுக்குள் இருக்கிறது.

குரல் தேர்வில் ஒரு நுட்பமும் உண்டு. ‘சாங் ஆஃப் தி சீ’யில் கண்டிப்பான பாட்டிக்கும் புராண உலகின் ஆந்தைச் சூனியக்காரிக்கும் ஒரே நடிகை குரல் கொடுத்தார், துயரத்தில் உறைந்த தந்தைக்கும் கல்லாகிவிட்ட கடல் வீரனுக்கும் ஒரே நடிகர். வீட்டில் நடப்பதும் கதையில் நடப்பதும் ஒன்றே என்று காதுக்குச் சொல்லும் ஏற்பாடு இது. இதுபோன்ற படத்தை டப்பிங் செய்யும்போது நான்கு வேறு குரல்களைப் போட்டால் படத்தின் பாதி அர்த்தம் தொலைந்துவிடும். யாருக்கும் தொலைந்ததே தெரியாது.

கதை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். உலகக் கதைகளை வகைப்படுத்தும் அட்டவணையை 1910இல் ஆன்டி ஆர்னே தொடங்கினார். ஸ்டித் தாம்சன் அதை விரிவாக்கினார். 2004இல் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் திருத்தி வெளியிட்டார். சிண்ட்ரெல்லா வகைக்கு அதில் 510ஏ என்று எண். இப்படிப் பல நாடுகளில் அலையும் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். ஒரு மக்கள்கூட்டம் புனிதமாகக் கருதும் தொன்மத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. ‘மோனா’ (2016) எடுத்தபோது டிஸ்னி பசிபிக் தீவுகளைச் சேர்ந்த அறிஞர்களையும் கலைஞர்களையும் கொண்ட குழுவை அமைத்துக் கேட்டது. அப்படியும் படத்தில் வரும் தொன்ம நாயகன் மாவியின் பச்சை குத்திய உடலைக் குழந்தைகள் அணியும் உடையாக விற்றதற்கு எதிர்ப்பு எழுந்து, அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. மறு ஆண்டே அந்தப் படம் மாவோரி மொழியில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஆகவே தங்கள் நாளிதழிடம் எங்கள் வேண்டுகோள்: இவ்வகைப் படங்களுக்கு விமர்சனம் வெளியிடும்போது, மூலக் கதை எந்த மக்களுடையது, முடிவு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். படத்தின் நீளத்தையும், உருமாற்றம், தாய் பிரிவு, திடீர் இரைச்சல் போன்ற காட்சிகள் ஏறக்குறைய எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன என்பதையும் குறிப்பிட்டால் பெற்றோர் முன்கூட்டியே தயாராவார்கள். விமர்சகர் பார்த்தது தமிழ்ப் பிரதியா மூலமொழிப் பிரதியா என்பதும் தெரிய வேண்டும். மூலமொழியைப் பார்த்து எழுதிய பாராட்டை நம்பித் தமிழ்ப் பிரதிக்குக் குழந்தையை அழைத்துப் போகிறவர்களே அதிகம்.

இப்படிக்கு,
நாட்டார் கதையிலும் அனிமேஷன் கதையாக்கத்திலும் ஈடுபாடுள்ள வாசகர்கள்